மறந்தவரை மறவாமை

திருப்புல்லாணித் திவ்ய தேசத்திற்கு வரும் சேவார்த்திகளில் இரு வகையினரை எந்நாளும் காணலாம். மக்கட்பேறு வேண்டி வருவோர் ஒரு வகையினர். தசரதச் சக்கரவர்த்தி புத்திர பாக்கியம் வேண்டி ஆதிஜகந்நாதப் பெருமாளை இங்கே ஆராதித்தான் என்பது தலபுராணம். அதனை நம்பித் தம்பதியர் இன்றும் வந்து நாகப் பிரதிஷ்டை செய்து, பெருமாள் அமுது செய்த பால் பாயசத்தைப் பிரசாதமாகப் பெற்றுச் செல்கின்றனர். மறைந்த பெற்றோரை நினைந்து வருவோர் மற்றொரு வகையினர். இவர்கள் அருகிலுள்ள சேதுக்கரையில் நீராடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிதுர்க்கடன் தீர்க்கின்றனர். ஆடி அமாவாசை, மஹாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் சேதுக்கரை முதல் இராமேசுவரத்து அக்கினி தீர்த்தம் வரை இக்கடற்கரை முழுவதும் பெற்றோர் பெயரைச் சொல்லும் பிள்ளைகளால் நிறைந்துவிடுகிறது.

பிள்ளையை வேண்டுவது இல்வாழ்வின் ஒரு முனை. பெற்றோருக்குத் தர்ப்பணம் செய்வது மறு முனை. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு காலம் உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கின்றனர். ஆனால் அவர்தம் நினைவு தளர்ந்துவிட்டது. காலையில் உண்டதை மாலையில் அறியார். சொன்னதையே சொல்வர், கேட்டதையே கேட்பர். நாளடைவில், பெற்ற பிள்ளையைப் பார்த்தே "நீ யாரப்பா?" என்று வினவுவர். இந்தக் காலத்திற்கென்று பஞ்சாங்கத்தில் ஒரு திதி குறிக்கப்படவில்லை. தனியே ஒரு தீர்த்தமும் விதிக்கப்படவில்லை. இதற்கு உரிய தர்மம் யாது என்பதை இவ்விழா மலரின் வாயிலாகச் சிறிது சிந்திப்போம்.

நோயும் பழியும்

முதலில் இந்நிலை இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும். மூப்பில் சிறுமறதி இயல்பு. கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும், அறிந்தவர் பெயர் நாவில் வர மறுப்பதும் நோயாகா. அடுப்பில் ஏற்றியதை மறப்பதும், நாற்பது ஆண்டு நடந்த தெருவில் வழி தவறுவதும், பணம் எண்ணத் தடுமாறுவதும் வேறு வகை. இவை மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இவ்வாறு நினைவிழந்து மறைந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட மாற்றங்களை மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். மறதி நோய்களுள் பெரும்பான்மையானது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் சற்று மேலானவர்கள், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஆகவே, இது யாரோ ஒரு வீட்டின் துயரம் அன்று. நம் தெருவில் இல்லையென்றால் அடுத்த தெருவில் இருக்கிறது. வெளியே சொல்லப்படவில்லை, அவ்வளவே.

மூளையினுள் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. மன்னார் வளைகுடா மீனவர் நன்கறிந்த கடற்குதிரையின் வடிவை அது ஒத்திருப்பதால், மருத்துவ நூலார் அதற்குக் கடற்குதிரையின் பெயரையே இட்டனர். பெரும்பாலும் அப்பகுதியே இந்நோயால் முதலில் பழுதுபடுகிறது. ஆதலால் இன்று நடந்தது நிலைக்காது. என்றோ நடந்தது நெடுநாள் நிலைத்து நிற்கும். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது இளம் வயதினராயிருந்த ஒருவர், இன்று காலையில் காப்பி பருகியதை மறந்திருக்கலாம். ஆனால் அன்றிரவு வீசிய காற்றின் ஓசையை விவரிக்கக் கூடும். இதனைக் காணும் வீட்டார், "பழைய கதையெல்லாம் நினைவிருக்கிறது, நான் சொன்னது மட்டும் மறந்துபோகிறதா? எல்லாம் பாசாங்கு" என்று சினக்கின்றனர். பாசாங்கன்று, நோயின் போக்கே அது.

முற்பிறவியின் தீவினை என்றோ, புத்தியைப் பயன்படுத்தாததன் விளைவு என்றோ பழிப்பதும் தகாது. 1974-இல் நாடளாவிய ரயில்வே வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவரும், பின்னர் நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக விளங்கியவருமான ஜார்ஜ் பெர்னாண்டஸ், பல மொழிகளில் பேச வல்லவர். அவரும் இறுதி ஆண்டுகளை அல்சைமர் நோயிலேயே கழித்து, 2019 ஜனவரி 29 அன்று மறைந்தார். கல்வியோ, பதவியோ, நாவன்மையோ இதற்கு முழுக் காப்பாக அமைவதில்லை.

மேலும் ஒன்று. மறதி அனைத்தும் தீராத மறதி அல்ல. பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவு, தைராய்டு சுரப்பியின் குறை, ஆழ்ந்த மனச்சோர்வு, உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும்; இவை பெரும்பாலும் சீராக்கத் தக்கவை. பாலும் மிகக் குறைவாகவே கொள்ளும் மரக்கறி உணவினர் பி12 குறைவில் சற்றுக் கவனமாயிருத்தல் வேண்டும். ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று புத்தி தடுமாறினால், அது கிருமித்தொற்றாகவோ, உடலில் நீர் வற்றியதாகவோ இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று வாளா இருப்பது பக்தியும் அன்று, விவேகமும் அன்று.

என் தாய் இருக்கிறாளா?

இனி அறத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். பெற்ற மகனைத் தாய் அறியவில்லை. மகன் உள்ளத்தில் அப்போது ஓர் எண்ணம் எழுகிறது: "என்னை அறிந்தவளே என் தாய், என்னை அறியாத இவ்வுடலுக்கு நான் செய்வது யாருக்குச் செய்வது?" இதனை வாய்விட்டுச் சொல்வோர் சிலரே; மனத்துள் எண்ணி மறுகுவோர் பலர்.

இவ்வினாவுக்கு எம்பெருமானார் தரிசனத்தில் தெளிவான விடை உண்டு. ஆன்மா ஒரு விளக்கைப் போன்றது. அதனிடமிருந்து பரவும் அறிவு விளக்கின் ஒளியைப் போன்றது. இந்த அறிவைத் தர்மபூத ஞானம் என்பர். கர்மத்தாலும் உடலின் நிலையாலும் இது சுருங்கும், விரியும். உறக்கத்தில் சுருங்குகிறது, விழிப்பில் விரிகிறது. ஒளி சுருங்கியதால் விளக்கு இல்லையென்று ஆகாது. 'நான்' என்று தனக்குத் தானே விளங்கிக்கொண்டிருக்கும் ஆன்மாவுக்குத் தேய்வு இல்லை. தாயின் நினைவு சுருங்கியதேயன்றித் தாய் இல்லாமற் போகவில்லை. குடத்துள் வைத்த விளக்கு வெளியே ஒளி காட்டாது. அதற்காக யாரும் அதில் நீரை ஊற்றுவதில்லை.

இன்னொரு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம். நாம் பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்தது எதுவும் நமக்கு நினைவில் இல்லை. எத்தனை இரவுகள் அன்னை கண் விழித்தாள், எத்தனை முறை ஈரத்துணி மாற்றினாள், காய்ச்சலில் எந்த மருத்துவர் வாசலில் நின்றாள், இவற்றுள் ஒன்றையும் நாம் அறியோம். அறியாத குழந்தைக்குச் செய்வது வீண் என்று அவள் எண்ணியிருந்தால் நாம் இன்று இவ்விழாவைச் சேவிக்க வந்திருக்க மாட்டோம். அவள் செய்தது நமக்கு நினைவில்லை. நாம் செய்வது அவளுக்கு நினைவிராது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

சேதுக்கரையில் நிற்கும் மகனும் இதற்குச் சான்று. தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயரைச் சொல்லி நீர் வார்க்கிறான். முப்பாட்டனை அவன் கண்டதே இல்லை. இறைத்த நீருக்கு எதிர்மொழி ஏதும் வருவதில்லை. எனினும், "அவர்கள் என்னை அறியார்களே, நான் ஏன் செய்ய வேண்டும்?" என்று அவன் கேட்பதில்லை. உறவு என்பது இருவரும் ஒருவரையொருவர் நினைப்பதனால் மட்டும் நிற்பதன்று. ஒருவர் நினைவு இழந்தால் மற்றவர் நினைவில் அது நிற்கும். மறைந்தவருக்கு இவ்வளவு உரிமை அளிக்கும் நாம், கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கு அதனை மறுக்கலாமோ?

திருநாமம் மறந்தவரின் கதி

ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் இதனினும் ஆழ்ந்த ஒரு கவலை உண்டு. நாள் தவறாது திருவிளக்கேற்றி, ஏகாதசி நோற்று, மார்கழி முழுதும் திருப்பாவை சேவித்த தாய், இன்று பெருமாள் படத்தைக் காட்டினாலும் வெறித்துப் பார்க்கிறாள். இறுதிக்காலத்தில் எதனை நினைக்கிறானோ அதனையே ஒருவன் அடைகிறான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் உரைத்தது. அப்படியாயின் நினைக்கவே இயலாத இவளுடைய கதி என்ன? இந்த அச்சம் மகனின் உறக்கத்தைக் கெடுக்கிறது. சிலர் அச்சத்தால் தாயை வற்புறுத்தி, "நாராயணா என்று சொல், சொல்" என்று மீண்டும் மீண்டும் கேட்டு அவளைக் கலங்கச் செய்கின்றனர்.

இக்கவலை புதியதன்று. காஞ்சியில் பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகள் வாயிலாக, இளையாழ்வாராயிருந்த ராமாநுஜர் தம் உள்ளத்து ஐயங்களுக்கு விடை பெற்றார் என்று குருபரம்பரை கூறும். பெருமாள் அருளிய அந்த ஆறு வார்த்தைகளுள் ஒன்று, சரணமடைந்தவனுக்கு அந்திம ஸ்மிருதி, அதாவது இறுதிக்கால நினைவு, கட்டாயம் அன்று என்பது. வேதாந்தம் கற்ற ஒரு பேரறிஞரின் உள்ளத்திலும் இந்த ஐயம் இருந்தது. அதற்கு விடை தரத் தக்கதென்று பெருமாள் திருவுள்ளம் பற்றினான் என்பதையே நாம் இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இதற்கும் முற்பட்டது வராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு உரைத்த வராக சரம சுலோகம். அதன் கருத்து இது: உடல் நலமும் மனத்தெளிவும் உள்ள காலத்தில் ஒருவன் என்னை நினைத்திருந்தால் போதும். பின்னர் அவன் கட்டையும் கல்லும் போல் நினைவற்றுக் கிடக்கும்போது, அவனை நான் நினைக்கிறேன். நானே உயர்ந்த கதிக்கு அழைத்துச் செல்கிறேன். வேதாந்த தேசிகர் இச்சுலோகத்தின் பொருளை விரிக்கவே ரஹஸ்ய சிகாமணி என்றொரு நூல் இயற்றினார். கலைபேதம் இன்றி ஆசாரியர்கள் அனைவரும் போற்றும் வாக்கு இது.

இங்கே நினைப்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். வாழ்நாள் முழுதும் பக்தன் பெருமானை நினைக்கிறான். இறுதியில் பெருமான் பக்தனை நினைக்கிறான். நினைக்கும் பொறுப்பு கைமாறுகிறது. பக்தனின் நினைவு ஓய்ந்த இடத்தில் பெருமானின் நினைவு வேலை செய்யத் தொடங்குகிறது. பெரியாழ்வாரும் திருவரங்கத்து எம்பெருமானை நோக்கிய ஒரு திருமொழியில், தளர்ச்சி வந்த நாளில் நினைவு உதவாது போகலாம் என்று கருதி, தெளிவுள்ள நாளிலேயே தம் விண்ணப்பத்தை ஒப்படைத்துவிடுகிறார். ஆழ்வாரே முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டியதாயிற்று என்றால், நம் அன்னை மறந்ததில் வியப்பென்ன? அவள் ஏற்றிய விளக்குகளும் சேவித்த திருப்பாவையும் அவளுக்கு மறந்திருக்கலாம். எவனுக்காக அவற்றைச் செய்தாளோ, அவனுக்கு மறக்கவில்லை.

எனவே அவள் கதியைப் பற்றி மகன் கலங்க வேண்டியதில்லை. அந்தப் பொறுப்பைப் பெருமான் ஏற்றுக்கொண்டான். அவன் ஏற்காமல் நமக்கென்று விட்டுவைத்தது ஒன்றே: அவளுடைய இன்றைய நாள். பசிக்கு உணவு, உடுக்க உலர்ந்த ஆடை, அச்சம் எழும்போது பற்றிக்கொள்ள ஒரு கை. அவளுக்காக நாம் நினைப்பது, பக்தனுக்காகப் பெருமான் நினைக்கும் அந்தத் திருச்செயலில் நமக்குக் கிடைக்கும் சிறு பங்கு.

புல்லணையில் மூன்று நாள்

இவ்வளவும் அறிந்த பின்னரும் கோபம் வருகிறதே என்பார் உண்டு. ஒரே கேள்வியை இருபது முறை கேட்கும்போது, நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியே போக முயலும்போது, "என் நகையைத் திருடிவிட்டாய்" என்று பணிவிடை செய்யும் மருமகளையே குற்றம் சாட்டும்போது, பொறுமை கை நழுவுகிறது. பின்னர் அக்கோபத்தை எண்ணி மனம் நோகிறது.

திருப்புல்லாணியிலேயே இதற்கு ஓர் ஆறுதல் உண்டு. தர்ப்பசயன ராமன் சந்நிதியில் பெருமாள் புல்லணையில் பள்ளிகொண்டிருக்கும் கோலத்தைச் சேவித்திருப்பீர்கள். கடலைக் கடக்க வழி வேண்டி, மூன்று நாள் சமுத்திரராஜனை நோக்கித் தர்ப்பைப் புல்லில் கிடந்தான் இராமபிரான். அவன் வரவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொறுமைக்கே இலக்கணமான அப்பெருமானும் சினந்து வில்லை எடுத்தான் என்கிறார் வான்மீகி. பதில் தராத ஒருவர் முன் நெடிது காத்திருப்பது எத்தனை கடினம் என்பதை அவ்வவதாரத்திலேயே அவன் உணர்ந்து காட்டிவிட்டான்.

அடுத்து நடந்ததும் அறியத் தக்கது. வெளிப்பட்டு வந்த சமுத்திரராஜன் தன் நிலையை எடுத்துரைத்தான். நிலம், நீர், காற்று, ஒளி, வானம் ஆகியவை தத்தம் இயல்பிலேயே நிற்கும். ஆழ்ந்திருப்பதும் கடக்க அரிதாயிருப்பதும் தன் இயல்பு என்றான். இராமபிரான் அதனை ஏற்றான். தொடுத்த அம்பைக் கடலின் மேல் விடவில்லை. வேறு திக்கில் செலுத்தினான். பின்னர் கடலோடு போராடாமல் அதன் மேல் அணை கட்டினான். நோய்க்கும் ஓர் இயல்பு உண்டு. மறப்பது அதன் இயல்பு. ஐயுறுவதும் அதன் இயல்பு. அன்னையோடு வாதிட்டு வெல்ல முயல்வது கடலின் மேல் அம்பு விடுவதாகும். எழுந்த சினத்தை வேறு திக்கில் திருப்ப வேண்டும்: சற்று வெளியே நடந்து வரலாம், வேறொருவரைச் சிறிது நேரம் அமரச் செய்யலாம். பிறகு வந்து அணை கட்டலாம்.

சினத்தை அடக்க இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்க நாட்டு அயோவா பல்கலைக்கழகத்தார் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அல்சைமர் நோயுற்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் படக்காட்சிகளையும் துயரம் தரும் காட்சிகளையும் காட்டினர். சிறிது நேரத்தில் அவர்கள் காட்சியை மறந்துவிட்டனர். ஆனால் அது எழுப்பிய மகிழ்ச்சியோ துயரமோ அவர்கள் உள்ளத்தில் நீடித்தது. நாம் கடிந்த சொல் மறந்துபோகும். சொல் தந்த நோவு தங்கிவிடும். காரணம் தெரியாமலேயே மாலை முழுதும் அன்னை வாடியிருப்பாள். அதுபோல, நாம் அருகிலிருந்து ஊட்டிய பிடிச் சாதத்தை அவள் மறந்துவிட்டாலும் அதன் நிறைவு அவளிடம் இருக்கும்.

செய்ய வேண்டியவையும் தகாதவையும்

மறந்தவரைச் சோதிப்பது தகாது. வீட்டுக்கு வரும் உறவினர் எல்லாம் எதிரே நின்று, "நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. விடை தெரியாத முதியவர் பலர் நடுவே தலைகுனிகிறார். நம் முன்னோர் வைத்த முறை வேறு. பெரியோரைச் சேவிக்கும்போது இளையவனே தன் கோத்திரமும் பெயரும் சொல்லி அபிவாதனம் செய்கிறான். சொல்ல வேண்டிய கடமை வருபவனுக்கே. அறிய வேண்டிய கடமை அமர்ந்திருப்பவருக்கு இல்லை. அந்த முறையையே இங்கும் கொள்ளலாம். "அம்மா, உன் மூத்த பிள்ளை வந்திருக்கிறேன்" என்று நாள்தோறும் புதிதாகச் சொல்லிக்கொண்டு அவள் முன் அமரலாம்.

உண்மை உரைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. என்றோ பரமபதித்த கணவரைத் தாய், "எங்கே, இன்னும் வரவில்லையே" என்று தேடுகிறாள். இறந்துவிட்டார் என்றால் அந்தச் செய்தியை அன்றுதான் கேட்பவள் போல் அழுகிறாள். மறுநாள் மீண்டும் கேட்கிறாள். நாள்தோறும் அவளைப் புதிய கைம்பெண் ஆக்குவதுதான் சத்தியமா? வள்ளுவர் பிறர்க்குத் தீமை விளைக்காத சொல்லையே வாய்மை எனக் கொண்டார். பொய்யும் சொல்ல வேண்டாம். புண்ணையும் கிளற வேண்டாம். "அப்பாவை நினைத்துக்கொண்டாயா? உன்னை முதன்முதலாகச் சேது ஸ்நானத்துக்கு அழைத்து வந்தாரே, அதைச் சொல்" என்று அவளைப் பேச விடலாம். அவள் கேட்டது செய்தியை அன்று, அவருடைய அருகாமையை. சொந்த வீட்டில் அமர்ந்தபடியே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொல்வோரும் உளர். 'வீடு' என்ற சொல்லுக்கு நம் ஆன்றோர் கொண்ட பொருளை அறிந்த நாம் அதனைக் கேட்டு நகைக்க மாட்டோம்.

பெயர்கள் மறைந்த பின்னும் இசையோடு கற்றவை நெடுநாள் தங்குவது பலரிடம் காணப்படுகிறது. விடியலில் அருகமர்ந்து திருப்பாவையை மெல்லத் தொடங்கினால், சில சமயம் அன்னையின் குரலும் வந்து சேரும். சேராவிடினும் குறையில்லை, அவள் செவியில் படட்டும். அதனையும் ஒரு தேர்வாக்கிவிடக் கூடாது.

இந்தக் கைங்கர்யத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நம் குடும்பங்களில் 'பிள்ளை பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறான்' என்று சொல்லப்படுவதன் பொருள், பெரும்பாலும் அவன் மனைவியோ, சகோதரியோ பார்த்துக்கொள்கிறாள் என்பதே. புகழ் ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்கும் என்பது தர்மமாகாது. தொலைநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனும், ஆண்டில் சில வாரங்களாவது வந்து இரவில் கண் விழிக்கட்டும். வீட்டில் வைத்துப் பேண இயலாத நிலையில் நல்லதொரு காப்பகத்தின் உதவியைப் பெறுவது பாவம் அன்று. அங்கு விட்டபின் எட்டிப்பாராமல் இருப்பதே பாவம்.

நினைவு தளர்ந்தவரின் கையைப் பிடித்துப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ பெறுவது களவு. காப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிப் பின் கைவிட்டவரிடமிருந்து அதனை மீட்க, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்துள்ளது. அவ்வாறு காக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இடம்பெறுவது நலம். இடர்ப்படும் முதியோர்க்கு 14567 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. இதனினும் கொடிய ஒன்றை நம் தென்மாவட்டங்கள் அறியும். படுக்கையில் விழுந்த முதியோரை எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டிச் சாகவிடும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் விருதுநகர் மாவட்டத்தில் நிலவியது 2010-இல் நாளேடுகளில் வெளியாகி நாட்டையே அதிரச் செய்தது. கருணை என்று பெயரிட்டாலும் கொலை கொலையே. கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் மொள்ளச் சென்ற முனிகுமாரன், தசரதன் எய்த அம்பு பாய்ந்து கிடக்கையிலும், தாகத்தோடு காத்திருக்கும் பெற்றோரை இனி யார் பேணுவர் என்றே வருந்தினான். அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் நாம்.

சேவார்த்திகளுக்கு ஒரு சிறு விண்ணப்பம். நினைவு தளர்ந்தவர்களை விழாக் கூட்டத்திற்கு அழைத்து வருவோர், பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை அவர்கள் மடியிலோ சட்டைப்பையிலோ வைத்து, கையைப் பிடித்தே நடத்துங்கள். தேரும் வாத்திய ஓசையும் அவர்களை மருட்டினால், கூட்டம் கலைந்த பின் அமைதியாகச் சேவிக்கச் செய்யுங்கள். வழி தெரியாமல் நிற்கும் முதியவர் ஒருவரைக் கண்டால், "பைத்தியம்" என்று விலகாமல் அருகே சென்று அமர்ந்து விசாரியுங்கள். அதுவும் பாகவத கைங்கர்யமே.

நினைவுள்ள நாளில்

இன்று பெற்றோரைப் பேணும் நாமும் நாளை அந்த இடத்தில் அமரக் கூடும். அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன், தமக்கு அல்சைமர் நோய் கண்டதை 1994 நவம்பர் 5 அன்று தம் கைப்பட எழுதிய கடிதத்தால் நாட்டு மக்களுக்கு அறிவித்தார். தம் மனைவிக்கு வரவிருக்கும் சுமையை எண்ணி அதில் அவர் வருந்தியிருந்தார். மறைக்காமல், தெளிவிருக்கும்போதே சொல்லிவிட்ட அந்தச் செயல் பின்பற்றத் தக்கது. எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டாம், உடைமை யாருக்கு, தம்மை யார் பேண வேண்டும் என்பவற்றைப் புத்தி தெளிந்த நாளிலேயே பிள்ளைகளோடு பேசி எழுதிவைப்பது, அவர்களுக்கு நாம் செய்யும் பேருதவி. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவதும், செவிப்புலன் குறைந்தால் சரிசெய்வதும், புகையையும் மதுவையும் விலக்குவதும், நாலுபேரோடு கலந்து பழகுவதும் மறதி நோயின் வரவைக் குறைக்கவோ, தள்ளிப்போடவோ துணைசெய்யும் என்று மருத்துவர் கூறுகின்றனர். பெருமானிடம் சொல்ல வேண்டியதையும் இப்போதே சொல்லிவைப்போம். மறந்த பின் நினைப்பது அவன் பொறுப்பு.

இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, விபீஷணாழ்வானுக்கு முடிசூட்டிய இடம் எனப் போற்றப்படும் கோதண்டராமர் திருக்கோயில் நிற்கிறது. 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியின் தெருக்களும் ரயில் நிலையமும் அழிந்தன, அக்கோயில் நிலைத்தது. தன்னை அடைந்தவனைக் கைவிடேன் என்று இராமபிரான் உறுதி கூறிய நிகழ்ச்சியின் நினைவாக நிற்பது அது. அந்த உறுதிமொழி, அடைந்தவன் அதனை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை எதையும் கூறவில்லை.

நம்மைப் பெற்றவர்களும் ஒருநாள் நம்மை அடைக்கலமாக அடைகிறார்கள். வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்க நினைவும் இருப்பதில்லை. சேதுக்கரையில் அவர்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாள் எப்படியும் வரும். அந்நாள் வருமுன், அவர்கள் செவி கேட்க அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் கை பற்ற நீர் கொடுக்கும் பேற்றை நமக்கெல்லாம் அருளுமாறு, புல்லணையில் பள்ளிகொண்ட பெருமானின் திருவடிகளைப் பிரார்த்திப்போமாக.